பின்னால் வந்த வண்டி

டெல்பர்ட் கடைசி நிமிடத்தில் "நான் வரல" என்று சொன்னதை ரோவெனா ஞாயிற்றுக்கிழமை காலை வரைக்கும் மன்னிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம், பெட்டிகளையெல்லாம் ஏற்றி, காரின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவள் காத்திருந்தபோதுதான் அவர் அதைச் சொன்னார். முப்பத்திரண்டு வருட மணவாழ்க்கையில் லோரிமர் கம்பளிச் சந்தைக்கு ஒரு தடவையாவது கூட வா என்று அவள் கேட்டுக் கேட்டு, இந்த ஆகஸ்டில்தான் சரி என்றிருந்தார். திங்கட்கிழமை அரசு விடுமுறை. சேர்ந்தாற்போல் மூன்று நாள். அவர்கள் ஊரான ஆல்டர் க்ரீக்கிலிருந்து மலைக் கணவாயைத் தாண்டினால் இரண்டு மணி நேரப் பயணம்.

"நாய்க்கு உடம்பு சரியில்ல," என்றார் டெல்பர்ட்.

நாய் அவர் காலடியில் நின்று உற்சாகமாக வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

ரோவெனா வண்டியை எடுத்தாள். பதினெட்டு வருடமாகப் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். கோபம் வந்தால் இன்னும் நிதானமாக ஓட்டுவாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகள் மாரிட்தான் பேசிப் பேசி அவளைச் சிரிக்க வைத்தாள். மாரிட்டுக்கு இருபத்தாறு வயது. நகரத்தில் பல் மருத்துவமனையில் வேலை. இந்தப் பயணத்துக்காகவே லீவு போட்டு வந்திருந்தாள்.

சும்மா சொல்லக்கூடாது, சனிக்கிழமை நன்றாகத்தான் போனது.

லோரிமர் ஐஸ் ஹாக்கி அரங்கில் கோடையில் பனிக்கட்டி கிடையாது. வெறும் சிமெண்டுத் தரை. அதில் அறுபது கடை. சாயம் தோய்த்த நூல் கண்டுகள் கம்பிகளில் தொங்கின. ஒரு மூலையில் நாலைந்து பெண்கள் ராட்டையில் நூற்றுக்கொண்டிருந்தார்கள். வெளியே கொட்டகையில் ஆட்டுக்கு ரோமம் வெட்டும் போட்டி. ரோவெனா சாம்பல் நிறத்தில் ஆறு கண்டு எடுத்தாள். மாரிட் கண்ணைப் பறிக்கிற ஆரஞ்சில் இரண்டு.

"இது என்ன, சாலை போடறவங்க சட்டையா?"

"குரோஷா ஊசியால இத ஒரு பையா போட்டா எப்படி இருக்கும் தெரியுமா?"

"ஒத்த ஊசி வெச்சிக்கிட்டு வேலை செய்யறவங்க பேச்ச நான் கேக்கறதில்ல."

"ரெண்டு ஊசிக்காரங்களுக்கு ஒரு கண்ணி நழுவினா உசுரே நழுவின மாதிரி. எங்களுக்கு அந்தப் பயமே இல்ல பாரு."

சாயங்காலம் மோட்டலுக்குப் பின்னால் ஆற்றில் காலை விட்டுக்கொண்டு பின்னினார்கள். மாரிட் இரண்டு தடவை சொன்னாள். "திங்கக்கெழம மத்தியானத்துக்கு முன்னாடி நாம வீட்டுக்குப் போகவே கூடாது. சொல்லிட்டேன்." பெண்ணுக்குத் தன்மேல் இவ்வளவு ஆசையா என்று ரோவெனாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நான்கு வருடமாக அந்த வீட்டில் இப்படிச் சிரிப்பு கேட்டதில்லை. ஆண்டர்ஸ் போனதிலிருந்து கேட்டதில்லை.

மூத்தவன் ஆண்டர்ஸ், அப்பாவோடு அதே மர ஆலையில் வேலை செய்தவன். அவன் இயந்திரத்தை ஒரு நொடி முன்னதாக ஓட விட்டதில் டெல்பர்ட்டின் இடக்கையில் இரண்டு விரல் போனது. விரல் போனதைக் கூட யாரும் பெரிதாகப் பேசவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு டெல்பர்ட் மகனிடம், "என் கண்ணு முன்னாடி நிக்காத" என்றார். அவன் நிற்கவில்லை. வடக்கே எண்ணெய் வயலுக்குப் போய்விட்டான். அம்மாவுக்கு ஒரு கடிதம் கிடையாது. அவன் பெயரைச் சொன்னால் டெல்பர்ட் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஹெட்டியின் வகுப்பு. சந்தையை நடத்துகிறவளே ஹெட்டிதான். கழுத்திலிருந்து கீழ்நோக்கி ஸ்வெட்டர் பின்னுவது எப்படி என்று பதினைந்து பேருக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். பதினோரு மணிவாக்கில் கதவோரம் உட்கார்ந்திருந்த ஒரு பெண், "வெளிச்சம் ஒரு மாதிரி இருக்கே," என்றாள்.

வெளியே சூரியன் செம்பு நிறத்தில் இருந்தது. ஆகஸ்டில் காட்டுத்தீப் புகை வருவது புதிதில்லை. எல்லோரும் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்கள்.

பன்னிரண்டேகாலுக்கு அரங்கிலிருந்த அத்தனை போனும் ஒரே நேரத்தில் அலறின.

அந்தச் சத்தத்தில் ஒரு குழந்தை வீறிட்டு அழுதது. நூற்றுக்கணக்கான பேர் ஒன்றாகக் குனிந்து பையைத் துழாவினார்கள். ரோவெனா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தாள். ஆல்டர் க்ரீக் பள்ளத்தாக்கு முழுவதும். உடனே வெளியேறவும். தயாராக இருங்கள் என்கிற எச்சரிக்கை இல்லை. உத்தரவு.

அவள் வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடிக்கவே இல்லை. ஒரு நீண்ட ஊதல் மட்டும். மறுபடி போட்டாள். அந்தப் பள்ளத்தாக்கில் செல்போன் எடுக்கிற ஒரே இடம் தபால் ஆபீஸ் வாசல். டெல்பர்ட் செல்போனைச் சமையலறை மேஜை இழுப்பறையில்தான் வைத்திருப்பார்.

நிமிர்ந்தபோது மாரிட்டும் யாருக்கோ போன் போட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் ரத்தமே இல்லை.

"அப்பா செல்லுக்கா? அது இழுப்பறைல கெடக்கும்."

மாரிட் மறுபடி எண்ணை அழுத்தினாள்.

"யாருக்குடி போன் பண்றே?"

"அம்மா, வெளிய வா."

"இங்கேயே சொல்லு."

"ஆண்டர்ஸுக்கு."

ரோவெனாவுக்கு முதலில் அந்தப் பெயர் விளங்கவில்லை. வேறு யாரோ என்று நினைத்தாள்.

"அவன் நேத்து காலைல வீட்டுக்கு வந்துட்டான்மா. அப்பாதான் கூப்பிட்டார். ஏப்ரல் மாசமே லெட்டர் போட்டிருக்கார். ரெண்டு பேரும் எழுதிக்கிட்டு இருந்திருக்காங்க." மாரிட் மூச்சு விடாமல் பேசினாள். "உனக்குத் தெரிய வேணாம்னு அப்பாதான் சொன்னார். 'வந்து மறுபடியும் சண்ட போட்டுக்கிட்டுப் போயிட்டான்னா உங்கம்மா தாங்க மாட்டா. மொதல்ல நாங்க ரெண்டு பேரும் ரெண்டு நாள் இருந்து பாக்கறோம். நீ அவளக் கூட்டிக்கிட்டுப் போயிடு'ன்னு. திங்கக்கெழம நீ வீட்டுக்குப் போறப்ப அவன் மேஜைல உக்காந்திருப்பான்னு…"

"நாய்க்கு உடம்பு சரியில்லன்னார்."

"அவருக்குப் பொய் சொல்லத் தெரியாதும்மா."

"உனக்குத் தெரிஞ்சிருக்கே."

மாரிட் வாயைப் பொத்திக்கொண்டாள். அவளை அடிக்க வேண்டும் போலவும் கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் ரோவெனாவுக்கு ஒரே சமயத்தில் தோன்றியது. இரண்டும் செய்யவில்லை. கார் சாவியை எடுத்துக்கொண்டு நடந்தாள்.

இருபது கிலோமீட்டர் தூரம் போக முடிந்தது. எதிரே வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு வரிசையாக வந்தன. படகு கட்டிய வண்டி, குதிரை ஏற்றிய வண்டி, கூரையில் மெத்தை கட்டிய வண்டி. ஒவ்வொன்றையும் மாரிட் ஜன்னல் வழியாக உற்றுப் பார்த்தாள். "இல்ல… இது இல்ல… இதுவும் இல்ல."

பாலத்துக்கு முன்னால் போலீஸ் வண்டி குறுக்கே நின்றது. கையைக் காட்டி நிறுத்தியவன் கண்ணாடிக்கு நேராகக் குனிந்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"மிஸஸ் ஹால்வர்சன்."

"கெண்ட்ரிக். நல்லதாப் போச்சு. என்ன விடு."

"முடியாதுங்க."

"என் புருஷனும் புள்ளயும் உள்ள இருக்காங்க. எனக்கு அந்த ரோட்டுல ஒவ்வொரு வளைவும் தெரியும். பதினெட்டு வருஷமா பனிலயும் மழைலயும் அதுல பஸ் ஓட்டினவ நான்."

"எனக்குத் தெரியாதா? அந்த பஸ்ல ஆறு வருஷம் வந்தவன் நான்." அவன் கணவாய்ப் பக்கம் கை நீட்டினான். "கணவாய்க்கு அந்தப் பக்கம் ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் எரியுது. உள்ளேருந்து வெளிய வர்றவங்களுக்கு மட்டுந்தான் வழி. நீங்க எதிர்ல போனீங்கன்னா வர்றவங்க வழிய அடைக்கிறீங்க."

தீ மட்டும் என்றால், எரிந்தாலும் பரவாயில்லை என்று சொல்லியிருப்பாள். வருகிறவர்கள் வழியை அடைக்க அவளால் முடியாது. வண்டியைத் திருப்பினாள்.

திரும்பி வந்தபோது அரங்கு வேறு இடமாக மாறியிருந்தது. கடைக்காரர்கள் நூலையெல்லாம் குப்பைப் பைகளில் அள்ளிப்போட்டு ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். நடுவில் மடக்குக் கட்டில்கள். போர்வை விற்க வந்தவள் விலைச் சீட்டைக் கிழித்துவிட்டுப் போர்வையை விரித்துக்கொண்டிருந்தாள். ஒருவர் ஆட்டுத்தோல் விரிப்புகளை எல்லாம் கொண்டுவந்து குழந்தைகளுக்குத் தரையில் போட்டார். ஆல்டர் க்ரீக் ஜனங்கள் உள்ளே வந்து வந்து, வண்ண வண்ண நூலுக்கு நடுவில் எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றார்கள்.

ரோவெனா வந்த ஒவ்வொருவரையும் கேட்டாள்.

"டெல்பர்ட்ட பாத்தீங்களா?"

"காலைல பாத்தேன். கூரைக்குத் தண்ணி அடிச்சிக்கிட்டிருந்தார். கூட ஒரு தாடிக்காரன்."

தாடியா? ஆண்டர்ஸ் தாடி வைத்திருக்கிறானா? அதைக்கூட யாரோ சொல்லித் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு மணி ஆயிற்று. மூன்று ஆயிற்று. கட்டில் விரித்தாள். காப்பி ஊற்றினாள். பாதியில் கெட்டிலை வைத்துவிட்டு வாசலுக்கு ஓடினாள். வண்டி நிறுத்துமிடத்தில் சாம்பல் மெல்லிய இறகாக இறங்கிக்கொண்டிருந்தது. மறுபடி உள்ளே வந்தாள்.

ஹெட்டி அவளைப் பிடித்து உட்கார வைத்து, கையில் காலையில் விட்ட பின்னலைத் திணித்தாள்.

"என்ன பண்ணச் சொல்றே இத வெச்சிக்கிட்டு?"

"ஒண்ணும் பண்ண வேணாம். கை சும்மா இருந்தா நீ சுவத்த முட்டுவே."

ரோவெனா நாலு வரிசை பின்னினாள். பிறகு பார்த்தால் எல்லாம் தப்பு. எங்கே கூட்ட வேண்டுமோ அங்கே குறைத்திருந்தாள். பிரிக்கவும் தோன்றவில்லை. மேற்கொண்டு தப்பாகவே பின்னிக்கொண்டு போனாள்.

எதிரே மாரிட் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். போனை மடியில் வைத்து இரண்டு நிமிடத்துக்கு ஒரு தரம் அழுத்தினாள்.

"அம்மா. நீ வீட்ல இருந்திருந்தா காலைலயே அவங்கள வெளிய இழுத்துட்டு வந்திருப்பே. புக வாசன அடிச்ச ஒடனே கெளம்பியிருப்பே. நான்தான்…"

"வாய மூடு."

"நான்தானம்மா."

"மாரிட், வாய மூடு. இப்ப உன்னயும் தூக்கிச் சொமக்க எனக்குத் தெம்பில்ல."

மாரிட் நகர்ந்து வந்து அம்மாவின் முழங்காலில் தலையைச் சாய்த்தாள். ரோவெனா தள்ளிவிடவில்லை.

நாலரை மணிக்கு வாசலில் நாய் குரைத்தது.

ரோவெனாவுக்கு அந்தக் குரைப்பு தெரியும். எழுந்த வேகத்தில் மடியிலிருந்த நூல் உருண்டை கட்டில்களுக்கு அடியில் ஓடியது. நாய் நேராக வந்து அவள்மேல் பாய்ந்தது. அதற்குப் பின்னால், முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் சிவப்பு, தாடிவைத்த ஓர் ஆள் வந்து ஐந்தடி தள்ளி நின்றான்.

"அம்மா."

அவள் அவன் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தாள். தாடியில் ஒரு பக்கம் பொசுங்கியிருந்தது. அவனிடம் கேட்க நான்கு வருடமாகச் சேர்த்துவைத்த கேள்வி எத்தனையோ இருந்தது. வந்தது ஒன்றுதான்.

"அப்பா?"

"வந்துக்கிட்டிருக்கார். எனக்குப் பின்னாடியே." அவன் சிரித்தான், இருமினான். "வீட்லேருந்து ரெண்டு வண்டியா கெளம்பினோம். 'நீ முன்னாடி போ. பாலம் வர்ற வரைக்கும் நிக்காத. நான் பின்னாடியே வர்றேன்'னார். கணவாயில ஒண்ணுமே தெரியலம்மா. கண்ணாடியப் பாத்துக்கிட்டேதான் ஓட்டினேன். அப்பா பிக்கப் வண்டிக்கு ஒரு வெளக்கு மஞ்ச, ஒண்ணு வெள்ள, தெரியும்ல? அந்த ரெண்டு வெளக்கும் கடசி வரைக்கும் என் பின்னாடிதான். அதப் பாத்துக்கிட்டே வந்தேன். பாலத்துகிட்ட வரிசைல நடுவுல கொஞ்சம் வண்டி பூந்துடுச்சு. பத்து நிமிஷம், அவ்வளவுதான்."

மாரிட் கூச்சலிட்டுக்கொண்டு வந்து அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு அவன் நெஞ்சில் குத்தினாள். "எரும! ஒரு போன் பண்ணத் தெரியாது?" மூன்று பேரும் சிரித்தார்கள். ரோவெனா சிரிப்பும் அழுகையுமாக நின்றாள். பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ஹெட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாய்க்கு ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்தாள்.

"பேசினாரா உன்கிட்ட?" என்றாள் ரோவெனா.

"நேத்து முழுக்கப் பேசினாரும்மா. மத்தியானம் சூப் வெச்சார். உப்பே இல்ல. நல்லா இருக்குன்னேன். 'பொய் சொல்லாத, உங்கம்மா பண்ணா நல்லாருக்கும்'னார். அப்புறம் அந்தக் கையக் காட்டி, 'இது வலிக்கல. அன்னிக்கு நான் சொன்னதுதான் வலிக்குது'ன்னார்."

ரோவெனா அதைக் கேட்டுக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். முப்பத்திரண்டு வருடத்தில் அவளிடம் அந்த மனுஷன் இப்படி ஒரு வாக்கியம் பேசியதில்லை.

மூவரும் வாசலில் போய் நின்றார்கள். பதினைந்து நிமிடம் கழித்து நீல நிற பிக்கப் உள்ளே திரும்பியது. ஒரு விளக்கு மஞ்சள், ஒன்று வெள்ளை. முக்கி முனகிக்கொண்டு வந்து குறுக்காக நின்றது. ரோவெனா ஓடினாள். ஓட்டுநர் பக்கத்துக் கதவை அவளே திறந்தாள்.

உள்ளே டார்லா இருந்தாள்.

அடுத்த வீட்டுக்காரி. ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவே முடியவில்லை அவளால். பக்கத்தில் ஒரே பெல்ட்டுக்குள் அவளுடைய இரண்டு சின்னப் பெண்கள்.

"ரெண்டாவது கியர்லயே வந்தேன்," என்றாள் டார்லா. "மேல மாத்தத் தெரியல. மன்னிச்சிடுங்க. வண்டி கெட்டுப் போயிருக்கும்."

"டெல்பர்ட் எங்கே?"

"என் வேன் கெளம்பல. புள்ளைங்களோட ரோட்டுல நின்னேன். டெல்பர்ட் நிறுத்தினார். எங்கள ஏத்திட்டு, சாவிய என் கையில குடுத்தார். 'முன்னாடி போற சாம்பக் கலர் காரப் பிடிச்சிக்கிட்டே போ. விட்டுடாதே'ன்னார்."

"அவர் ஏறலையா? பின்னாடி எடம் இருக்குல்ல?" ஆண்டர்ஸ் கத்தினான். பிக்கப்பின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தான். அங்கே தோட்டத்துக் குழாய் ஒன்று சுருண்டு கிடந்தது.

"ஏறுங்கன்னு நானும் கத்தினேன். ஏரிக்கரைல பர்விஸ் பெரியவர் வீட்ல இன்னும் கார் நிக்குதுன்னார். அவருக்குத்தான் காது கேக்காதே. போன் அலறினாலும் தெரியாது, கதவத் தட்டினாலும் தெரியாது. 'நான் போய் அவரக் கூட்டிக்கிட்டு, அவர் படகுல ஏரிக்குள்ள போயிடறேன். தண்ணி எரியாது'ன்னார்." டார்லா அழ ஆரம்பித்தாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லச் சொன்னார்."

"என்ன?"

"'ரோவெனாகிட்ட சொல்லு, பையன் வந்துட்டான்னு.'"

ஆண்டர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "வெளக்கப் பாத்துக்கிட்டே வந்தேன்," என்றான். "வளைவுக்கு வளைவு பாத்துக்கிட்டே வந்தேம்மா." அதையே திரும்பத் திரும்பச் சொன்னான். பிறகு சட்டென்று எழுந்து தன் காரை நோக்கி ஓடினான். மாரிட் குறுக்கே போய் அவன் இடுப்பைப் பிடித்தாள். அவன் அவளையும் இழுத்துக்கொண்டு நாலடி போனான்.

"ரோடு மூடியாச்சுடா," என்றாள் ரோவெனா. "பாலத்துல விட மாட்டாங்க. நான் போய்ப் பாத்துட்டுதான் வந்தேன்."

"படகு? வேற பக்கத்துலேருந்து?"

"கேப்போம்."

கேட்டார்கள். மீட்புக் குழுவினரின் மேஜையில் ஒரு பெண் வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு, கேட்ட எல்லாவற்றுக்கும் மரியாதையாகப் பதில் சொன்னாள். ஹெலிகாப்டர் புகையில் இறங்க முடியாது. ஏரியில் காற்று அதிகம், படகு இறக்க முடியாது. காற்று திரும்பினால் பார்க்கலாம். எப்போது திரும்பும் என்று தெரியாது. குறித்துக்கொண்டிருக்கிறோம். அவள் சொன்ன எதிலும் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. சண்டை போடக்கூட ஆள் இல்லை.

ஆறரை மணி இருக்கும். ஹெட்டி ஒரு கத்தைக் காகிதத்தோடு வந்து அவர்கள் எதிரில் உட்கார்ந்தாள்.

"ரோவெனா, உன் பேர இன்னும் எழுதல. நீ காலைலேருந்து இங்கயே இருக்கிறதால விட்டுப் போச்சு. குடும்பத்துல எத்தன பேரு?"

"நாலு," என்றாள் ரோவெனா.

ஆண்டர்ஸ் நிமிர்ந்து பார்த்தான்.

"இங்க எத்தன பேரு?"

"மூணு."

ஹெட்டி எழுதினாள். அதற்கடுத்த தாளை ரோவெனாவிடமே நகர்த்தினாள். இன்னும் வந்து சேராதவரின் பெயர், வயது, கடைசியாகக் காணப்பட்ட இடம். டெல்பர்ட் ஹால்வர்சன் என்று எழுதினாள். அறுபத்தொன்று. மூன்றாவது வரியில் 'படகில்' என்று எழுதப் போனவள் நிறுத்தினாள். படகில் அவரை யார் பார்த்தார்கள்?

"டார்லா, நீ கடசியா அவர எங்க பாத்தே?"

இரண்டு பெண்களையும் மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த டார்லா கொஞ்சம் யோசித்தாள். "ஏரிக்குப் போற மண் ரோட்டுல. வேகமா நடந்துக்கிட்டிருந்தார். ஓடல. நடந்துதான் போனார்."

ரோவெனா அதையே எழுதினாள்.

பேனாவை வைத்தபோது கெண்ட்ரிக் உள்ளே வந்தான். வேலை நேரம் முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை போலிருந்தது. கட்டில் கட்டிலாகப் பார்த்துக்கொண்டு வந்து அவள் முன்னால் நின்றான்.

"மிஸஸ் ஹால்வர்சன், இது உறுதியான சேதி இல்ல. தண்ணி கொட்டற விமானத்துலேருந்து ஒரு பைலட் சொல்லியிருக்கார். நாலே முக்காலுக்கு ஏரில அலுமினியப் படகு ஒண்ணு தெரிஞ்சதாம். புகைக்கு நடுவுல ஒரே ஒரு நொடி. அப்புறம் மூடிடுச்சு."

மாரிட் துள்ளி எழுந்தாள். "அப்பாதான்! படகுல ஏறிட்டார்! அம்மா!"

கெண்ட்ரிக் ரோவெனாவையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள்தான் கேட்டாள்.

"படகுல எத்தன பேரு?"

"ஒரு ஆள்தான் தெரிஞ்சதுன்னார்."

"ஒரே ஆளா?"

"அவர் பாத்தது ஒரே ஆளத்தான். இன்னொருத்தர் படுத்திருக்கலாம். தெரியாம இருக்கலாம்."

அது டெல்பர்ட்டாக இருக்கட்டும் என்று ரோவெனாவின் மனசு முட்டிக்கொண்டு கேட்டது. கேட்ட அடுத்த நொடியே, தான் கேட்டது எதுவென்று அவளுக்குப் புரிந்தது. மண் ரோட்டின் கோடியில், காது கேட்காமல், ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் ஒரு கிழவர் அவள் கண்முன் வந்தார். தினமும் பஸ் அந்த முனையில் திரும்பும்போது கையை உயர்த்துவார். அவளும் உயர்த்துவாள்.

"ஹெட்டி, பர்விஸுக்கு யாராவது எழுதியிருக்காங்களா?"

ஹெட்டி காகிதங்களைப் புரட்டினாள். "பர்விஸ்… இல்லயே. அவருக்குச் சொந்தம் யாரு?"

"யாருமில்ல. இன்னொரு தாள் குடு."

தாளை வாங்கி முழங்காலில் வைத்துக்கொண்டாள். குடும்பப் பெயருக்கான கட்டத்தில் பர்விஸ் என்று எழுதினாள். அதற்கு முன்னால் இருந்த கட்டத்தில் பேனா நின்றது.

"அவரோட சொந்தப் பேரு என்ன?" என்று கேட்டாள்.

டார்லா ஆண்டர்ஸைப் பார்த்தாள். ஆண்டர்ஸ் மாரிட்டைப் பார்த்தான். கெண்ட்ரிக் தொப்பியைக் கையில் சுழற்றிக்கொண்டு தரையைப் பார்த்தான்.

அத்தனை வருடம் அதே ரோட்டில் இருந்தவர்களில் ஒருவருக்கும் தெரியவில்லை.